நூலால் அறுத்த களி

சுடுகளியின் நடுவே பனியன் நூல் ஓடும்போது சத்தம் எதுவும் வராது. ஆனால் அறுபட்ட இடத்திலிருந்து ஆவி குபுக்கென்று கிளம்பி முகத்தில் அடிக்கும். அந்த ஆவியில் ராகியின் மண்வாசமும், நூலில் ஒட்டியிருக்கும் பஞ்சு வாசமும், அடிப்பிடித்த சட்டியின் கருகல் வாசமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். சின்ன வயதில் தினமும் முகத்தில் வாங்கிய அந்த ஆவியை, கடல் கடந்து போய், பிராக் என்கிற ஊரில், பூமிக்கடியில் இருக்கிற ஒரு பழங்காலத்துச் சாப்பாட்டுக் கடையில் மறுபடி வாங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பனியன் கம்பெனியில் கீழே விழுந்த துணியைப் பொறுக்கித்தான் தொழிலுக்குள் நுழைந்தேன். இன்று திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எனக்குச் சொந்தமாக நிட்டிங் ஓடுகிறது, தையல் ஓடுகிறது, ஷிப்டு மாறும் நேரத்தில் என் கம்பெனி வாசலில் தமிழும் இந்தியும் கலந்து ஒரு சந்தையே நடக்கும். நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பெயர் சொல்ல வாய் வராத ஊர்களில் எல்லாம் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் அடக்கமாகப் பேச வேண்டும்; எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அப்பா வைத்துவிட்டுப் போனது ஒரு பங்கு களி மட்டும்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் திருப்பூரில் குடியிருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. 'லைன் ஊடு' என்போம். அப்பா லாரி ஓட்டினார். பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு பம்பாய்ப் பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் 'பிசிறு வெட்டும்' வேலை, அதாவது தைத்து வந்த பனியனில் தொங்கும் நூலை எல்லாம் கத்தரித்து எடுப்பது. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் சேலை முழுக்க வெள்ளை நூல் ஒட்டியிருக்கும், பனியில் நனைந்து வந்தவள் போல இருப்பாள். நூல் சுற்றி வரும் கோன் தீரும்போது அடியில் மிஞ்சும் நீளநூல் ஏதாவது கிடைத்தால் விரலில் சுற்றி எடுத்து வருவாள். அந்த நூல்தான் எங்கள் வீட்டில் பூக்கட்ட, பொத்தான் தைக்க, களி அறுக்க.

களி கிண்டுவது என் அக்கா வள்ளி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், ஆனால் அம்மா வேலைக்குப் போவதால் அடுப்பு அவள் கைக்கு வந்துவிட்டது. கிண்டிய களியை ஈரத்தட்டில் கவிழ்த்து, தண்ணீர் தொட்டு உருட்டி, அதன் அடியில் நூலைக் கொடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு முனையைச் சட்டென்று இழுப்பாள். கரண்டியால் வெட்டினால் ஓரம் நசுங்கி, உன் பங்கு பெருசு என் பங்கு சிறுசு என்று நான் சண்டைக்குப் போவேன். நூலில் அறுத்தால் எனக்கு வாயைத் திறக்க வழியிருக்காது. நாலு பங்கு. அம்மாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு, அப்பாவுக்கு. அப்பா ஊரில் இல்லாவிட்டாலும் அவர் பங்கு உண்டு. அதைத் தண்ணீர் ஊற்றிய மண்சட்டியில் போட்டு மூடி வைப்பார்கள். அவர் வராமல் போனால் மறுநாள் காலையில் மோரில் கரைத்து எங்களுக்குத் தருவாள் அம்மா. ஆனால் வைத்த அன்றைக்கு அதில் யாரும் கை வைக்கக் கூடாது. பசி எவ்வளவு இருந்தாலும் அது 'அப்பன் பங்கு'.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். "சோத்துல கை வெச்சிருக்கறவங்ககிட்டச் சேதி சொல்லப்படாது கண்ணு, அந்தச் சோறு அப்பறம் ஒடம்புல ஒட்டாது" என்பாள் அம்மா. சாவுச் சேதி கொண்டுவந்தவர்கூட, வீட்டுக்காரர் தட்டின் முன் இருந்தால் வாசலிலேயே நின்று மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். கை கழுவிய பிறகுதான் வாய் திறப்பார். எங்கள் லைனில் எத்தனையோ சாவு இப்படி வாசலில் காத்து நின்றிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது. கம்பெனி லீவு என்பதால் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். களியும் புளிச்சகீரைக் கடைசலும். அவிநாசியிலிருந்து பெரிய மாமன் சைக்கிளில் வந்தார், அம்மாவின் அண்ணன். அவர் எப்போது வந்தாலும் ஹேண்டில்பாரில் ஒரு பொட்டலம் தொங்கும். பொரிகடலையோ முறுக்கோ இல்லாமல் எங்கள் வாசலை அவர் மிதித்ததே இல்லை. அன்றைக்கு வெறுங்கை. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார், அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை.

"வாங்கண்ணா, வெயில்ல வந்திருக்கறீங்க. உள்ள வாங்க, ஒரு வாய் உண்ணுங்க" என்றாள் அம்மா.

"நீ உண்ணு அம்மிணி. நீ உண்டுட்டு எந்திரி. நானு இப்பிடிக் காத்தாட நிக்கறேன்."

"லாரி ஏதாச்சும் வந்துருச்சுங்களாண்ணா? அவிய எப்ப வாறாங்கன்னு லாரி செட்டுல கேட்டீங்களா?"

"உண்ணு அம்மிணி" என்றார் மறுபடியும். இந்தத் தடவை முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மாவுக்குப் புரியவில்லை, அவள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அக்காவுக்கும் புரிந்துவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அம்மாவின் தட்டில் இருந்தது இரண்டு வாய். அது தீர்ந்தால் அவள் எழுந்துவிடுவாள், கை கழுவிவிடுவாள், மாமன் வாய் திறந்துவிடுவார். அக்கா தன் பங்கிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி அம்மாவின் தட்டில் வைத்தாள். "எனக்கு வயிறு நெம்பிருச்சும்மா." நான் என்னுடையதை வைத்தேன். "எனக்கும்." அம்மா சிரித்தாள். "ஏனுங்கண்ணா, பாத்தீங்களா, இன்னைக்குத்தான் இதுகளுக்குப் பெத்தவ மேல பாசம் வந்திருக்குது." என்றைக்கும் எங்களுக்கு வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்கிறவள், அன்றைக்கு வயிறு நிறையத் தின்றாள். ஒவ்வொரு உருண்டையாக உருட்டி, கீரையில் தொட்டு, நிதானமாக. நாங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தட்டு இரண்டும் காலியாகிவிட்டது. அவள் தட்டும் காலியாகப் போகிறது. அப்போதுதான் அந்த மண்சட்டியின் மூடி திறந்தது. அப்பன் பங்கு அம்மாவின் தட்டில் வந்து விழுந்தது.

அம்மா அந்தத் துண்டைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பன் பங்கைத் தொடாமல் எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

சட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வைத்தது யார் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் ஆயுசு முழுக்க வழக்கு. அவள்தான் என்பது என் கட்சி. நன்றாக நினைவிருக்கிறது, அவள் வளையல் சட்டியில் இடித்த சத்தம்கூட நினைவிருக்கிறது. "என்றா பேசற? நானு அடுப்பு மூலைல இருந்தேன். சட்டி உங்கிட்டத்தான் இருந்துது. நீதான்டா எடுத்து வெச்ச" என்பாள் அவள். பொங்கலுக்கு வந்தாலும் இந்தப் பேச்சு, கலியாண வீட்டில் பார்த்தாலும் இந்தப் பேச்சு. ஊரில் எந்தப் பஞ்சாயத்திலும் நான் தோற்றதில்லை, துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களிடம் பேசி ஜெயித்தவன், பேங்குக்காரனைப் பேசியே மடக்கியவன். அக்காவிடம் மட்டும் அந்த வழக்கு தீர்ந்தபாடில்லை.

போன வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், தனி ரூம், பெரிய டாக்டர், ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் எழுந்து வீட்டுக்கு வரும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்துச் செக் நாட்டுப் பையர் யிர்ஷி கூப்பிட்டார். பல வருஷமாக என்னிடம் டீ-சர்ட் எடுக்கிறவர். சீசனுக்கு ஒரு தடவை நேரில் உட்கார்ந்து சாம்பிள் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. நான் போகவில்லை என்றேன். அக்கா விடவில்லை.

"போய்ட்டு வா சாமி. நானு எங்க போயிறப் போறேன்? இந்த ரப்பர் குழாய் என்னைய வுடுமா?"

மகள் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பெனியில் எனக்கு அடுத்து அவள்தான்; என் இங்கிலீஷும் அவள்தான். பிராக் போய்ச் சேர்ந்த அன்று வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, "அங்க என்றா திங்கற?" என்றாள். ரொட்டிதான் என்றேன். "ஊருக்கெல்லாம் துணி போடறவன், உன்ற வயித்துக்கு வெறும் ரொட்டிதானா? அங்கிருக்கறவன்கிட்டக் கேட்டுப் பாரு, களி கெடைக்குமான்னு" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, அவள் மகன் போனை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் யிர்ஷி எங்களைச் சாப்பிடக் கூட்டிப் போனார். பெரிய ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், கல் பாவிய சந்துக்குள், நம்மூர்க் கோட்டைக் கதவு மாதிரி இரும்புப் பூண் போட்ட கதவு. அதைத் தாண்டினால் கீழே இறங்கும் கற்படிகள், ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. அடியில் நீளமான நிலவறை. கூரை அரைவட்டமாக வளைந்த செங்கல் கூரை, புகை ஏறிக் கறுத்தது. சாமியார்கள் பீர் பீப்பாய் அடுக்கி வைத்த இடமாம், ராஜாக்கள் காலத்தில். மேசையும் பெஞ்சும் அந்தக் காலத்து மரமோ என்னவோ, இருட்டு நிறத்தில் இருந்தன. கல்லின் குளிர்ச்சி பட்டதும் எனக்கு அவிநாசிக் கோயில் மண்டபம் நினைவுக்கு வந்தது. கோகிலா போனை எடுத்துப் பார்த்தாள். "அப்பா, இங்க டவரே இல்லீங்க." சுவர் அவ்வளவு கனம்.

"சித்த நேரத்துக்கு ஒருக்கா மேல போய்ப் பாத்துட்டு வா கண்ணு" என்றேன்.

முழங்கால்வரை ஏப்ரன் கட்டிய, பீமன் மாதிரி ஒரு பரிமாறுகிறவர். யிர்ஷியின் பீர் கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்தார். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லையாம். கிளாசுக்கு அடியில் இருக்கிற வட்ட அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிட வேண்டுமாம். பந்தியில் நாம் இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைப்பதுதான் இது. உலகத்தில் சாப்பாடு போடுகிறவன் எல்லாம் ஒரே மாதிரிதான், நிறுத்தச் சொல்லத்தான் தனியாக ஒரு பாஷை வேண்டியிருக்கிறது.

யிர்ஷிக்கு முழு வாத்துக் கறி வந்தது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார். கோகிலா என் நேர்த்திக்கடனைச் சொன்னதும் மனிதர் முகம் வாடிவிட்டது. பிறகு கையைத் தட்டிப் பரிமாறுகிறவரிடம் ஏதோ சொன்னார். எனக்கு வந்த தட்டில் பூண்டு தட்டிப் போட்ட கீரைக் கடைசல், புளிக்க வைத்த சிவப்பு முட்டைக்கோஸ், பக்கத்தில் வட்ட வட்டமாக, வெள்ளையாக, ஆவி பறக்கும் மாவுத் துண்டுகள். கோதுமை மாவை உருட்டி நீளக் கட்டையாக்கி வேகவைத்தது. 'க்னெட்லீக்' என்றார்.

ஒரு துண்டை எடுத்துக் கீரையில் தொட்டு வாயில் வைத்தேன். நான் எத்தனையோ நாட்டில் சாப்பிட்டவன். சீனாவில் குச்சி பிடித்துச் சாப்பிட்டிருக்கிறேன், அரபிக்காரன் வீட்டில் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். எங்கும் முதல் வாயிலேயே கை நின்றதில்லை. இங்கே நின்றது.

"கண்ணு, இது களி."

"அப்பா, இது டம்ப்ளிங்."

"என்னமோ சொல்லிக்க. இது களிதான். ஓரத்தப் பாரு, கத்தி பட்ட மாதிரியா இருக்குது? இத எதுல அறுக்கறாங்கன்னு கேளு."

அவள் கேட்டாள். யிர்ஷி கண்ணை அகல விரித்துச் சிரித்தார். கத்தி போட்டால் நசுங்கிவிடுமாம், அதனால் அவருடைய அம்மா நூலால்தான் அறுப்பாராம், இந்தக் கடையிலும் அப்படித்தானாம்.

நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "முழுசா ஒண்ணும் ஒரு நூலும் கொண்டாரச் சொல்லு. நான் அறுத்துக் காட்டறேன்."

"அப்பா, சும்மா இருங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! நூல் புடிக்கறதுக்குத் திருப்பூர்க்காரனுக்கு எவன் சொல்லித் தரணும்?"

யிர்ஷிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மரப்பலகையில் முழுக் கட்டை ஒன்றும், மேலே சுருட்டி வைத்த வெள்ளை நூலும் வந்தன. நூலை விரலில் உருட்டிப் பார்த்தேன். நல்ல பருத்தி. கோகிலா, "நீங்க ஷோ காட்டுங்க, நான் மேல போய் அத்தைக்குப் போன் பண்ணிட்டு வந்தர்றேன்" என்று படியேறிப் போனாள். "நீ போய்ச் சொல்லு, பிராக்குல களி கெடைச்சிருச்சுன்னு!" என்று அவள் முதுகுக்குச் சத்தம் போட்டேன்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தேன். கட்டைக்கு அடியில் கொடுத்து, மறு முனையைச் சட்டென்று இழுத்தேன். ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. அக்கா அறுத்தால் எப்படி விழுமோ அப்படி விழுந்தது துண்டு. பல்லில் நூலைக் கடிக்கிற வித்தை அவர்கள் பார்க்காதது. பக்கத்து மேசையில் கை தட்டினார்கள், பீமன் எட்டி நின்று பார்த்துத் தலையாட்டினார். நான் விடவில்லை, கட்டை முழுவதையும் அறுத்துத் தீர்த்தேன். அதில் முதல் துண்டை மட்டும் எடுத்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, நூலையும் அதன் மேலேயே சுற்றி, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊருக்குக் கொண்டுபோய் அக்காவிடம் காட்ட வேண்டும். காய்ந்து கல்லாகிப் போனாலும் பரவாயில்லை. இந்தா பார், நீ கேட்ட களி, இங்கேயும் உன்னை மாதிரியே நூலில்தான் அறுக்கிறான் என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பழைய வழக்கை அவள் எடுப்பாள், நானும் எடுப்பேன்.

கோகிலா திரும்பி வர நேரமாயிற்று. படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். முகத்தைக் கழுவியிருந்தாள், முன்முடி நனைந்திருந்தது.

"என்ன கண்ணு, அத்தை பேசுச்சா?"

"லைன் சரியாக் கெடைக்கலீங்க." உட்கார்ந்தாள். என் தட்டைப் பார்த்தாள். "நீங்க சாப்பிடுங்கப்பா."

"கெடைக்காம இவ்வளவு நேரம் என்ன பண்ணுன?"

"சாப்பிடுங்கப்பா. சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்."

எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை அது. என் அம்மா சொன்னதை நான் சொல்லி, நான் சொன்னதை என் மனைவி சொல்லி, அந்த வழக்கம் அவளுக்குத் தெரியும். லைன் சரியில்லை என்றால் சரியில்லைதான், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எப்போது டவர் கிடைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு துண்டு சாப்பிட்டேன். தட்டில் இடம் காலியானதும், பலகையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் என் தட்டில் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். இன்னொன்று வைத்தாள். தன் தட்டில் தொடாமல் இருந்ததையும் எடுத்து வைத்தாள். "எனக்குப் பசியில்லீங்கப்பா." யிர்ஷி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் வட்ட அட்டையை எடுத்துத் தன் கிளாஸ் மேல் மூடினார். பாதிக் கிளாஸ் பீர் அப்படியே இருந்தது.

நான் கேட்கவே இல்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். ஷிப்மென்ட் தவறினால் கப்பலை நம்பாமல் விமானத்தில் ஏற்றி அனுப்பியவன் நான். கரண்டு போனால் ஜெனரேட்டர், ஆள் போனால் வேறு ஆள் என்று எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவன். அந்த நிலவறையில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், மென்றுகொண்டிருப்பது. ஒவ்வொரு துண்டாக, கீரையில் தொட்டு, நிதானமாக. என் வாயைக் கோகிலா பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அம்மாவின் வாயைப் பார்த்தது போலவே.

பலகை காலியாயிற்று. என் தட்டில் கடைசித் துண்டு. அதையும் எடுத்து வாயில் போட்டேன். கோகிலா பலகையைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள். பிறகு கை நீட்டி, என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த பேப்பர் பொட்டலத்தை எடுத்தாள். நூலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். அக்காவுக்கு என்று எடுத்து வைத்த துண்டை என் தட்டில் வைத்தாள்.

அது யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது. அவள் மேலே போன பிறகுதானே நான் சுற்றி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் நான் என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. ஜெயித்த கதைகளைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் தெரியாமல், அதே காரியத்தைச் செய்தது அந்தக் கை.

என் அம்மா அப்பன் பங்கைத் தொடாமல் எழுந்தாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆறிப் போயிருந்த அந்தத் துண்டைச் சிறிது சிறிதாகக் கிள்ளினேன். கீரை தீர்ந்துவிட்டது, வெறுமனே தின்றேன். ஓரத்தை, பிறகு நடுவை, பிறகு தட்டில் ஒட்டியிருந்த பொடியை விரலால் ஒற்றி எடுத்து. அதைத் தின்று முடிக்கும்வரை என் அக்கா உயிரோடு இருந்தாள்.

"அப்பா..." என்றாள் கோகிலா.

"தெரியும் கண்ணு" என்றேன். "கை கழுவீட்டு வந்தர்றேன்."

டிக்கெட்டை மாற்றினோம், விமானம் மாறி விமானம் மாறி, அடுத்த நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தேன். எனக்காகக் கண்ணாடிப் பெட்டியில் குளிர வைத்துக் காத்திருந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது என் விரலில் அந்தப் பூண்டு வாசம் இருந்தது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் களி கிண்டுவதில்லை; சர்க்கரைக்கு நல்லது என்று ஓட்டலில் விற்கிறார்கள், கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். லைன் வீடு இருந்த இடத்தில் சாயம் விற்கிற கம்பெனி நான்கு மாடி எழுப்பியிருக்கிறது. சேதி வாசலில் காத்து நிற்கிற வழக்கமும் போய்விட்டது. ஒவ்வொருவர் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு போன் கிடக்கிறது, முதல் வாய் வைப்பதற்குள் உலகத்துச் சாவெல்லாம் அதில் வந்து விழுகிறது. யிர்ஷி ஆர்டரைக் குறைக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு ஒரு நூல்கண்டும் அனுப்பியிருந்தார். என் கம்பெனிக்கு நூல் அனுப்புகிற முதல் பையர் அவர்தான் என்று கோகிலா சிரித்தாள். மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

மண்சட்டி வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். அப்பன் பங்கை எடுத்து வைத்தது அக்காதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், எழுதியும் வைத்துவிட்டேன், இல்லை என்று சொல்ல ஆளில்லை. ஆனால் நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தச் சட்டி எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அடுப்பு மூலையில் அக்கா, நடுவில் அம்மா, கதவோரம் நான். சட்டி யார் பக்கம் இருந்தது என்று எவ்வளவு நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. அக்காவிடமே கேட்கலாம் என்று, பழக்கத்தில், போனை எடுத்துவிட்டேன்.